துபே குன்றில் ஒரு சனிக்கிழமை

ஜனவரி 8, திங்கள்

இன்று நகர அலுவலகத்தில் நான் பிரித்த முதல் கடிதமே என் புருஷனுடையது. காலையில் என் எதிரே உட்கார்ந்து இரண்டு முட்டை சாப்பிட்டவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை. தபால்தலை ஒட்டி அனுப்பியிருக்கிறான்.

“நகர நிர்வாகத்துக்கு. பனி ஒதுக்கும் லாரி என் வீட்டு வாசலில் மட்டும் வேண்டுமென்றே உயரமான பனி வரப்பைப் போட்டுவிட்டுப் போகிறது. இந்தக் குளிர்காலத்தில் இது நான்காவது முறை.” கீழே ரெனோ என்று கையெழுத்து. நான் ‘பெறப்பட்டது’ முத்திரையைக் குத்திக் கோப்பில் வைத்தேன். அந்தக் கோப்பு இப்போது ஊர் நாய்களின் உரிமக் கோப்பைவிடத் தடிமன்.

லாரியை ஓட்டுவது ரெனோவின் சொந்த அண்ணன் அல்ஃபே. இரண்டு பேருக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம். மாநிலத்தில் தெற்கே இருப்பவர்களிடம் காரணத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை. மூஸ் மான் வேட்டை அனுமதிக்கு மாநில அரசு குலுக்கல் போடும். சிலருக்கு ஆயுசு முழுக்க விழாது. அல்ஃபேக்கு விழுந்தது. துணைக்கு ஓர் ஆள் பெயரை எழுதலாம். அவர் தம்பியை விட்டுவிட்டு மச்சினன் கிளோவிஸின் பெயரை எழுதிவிட்டார். கிளோவிஸ்! வாத்தைச் சுடப் போய்ப் படகைச் சுட்டவன்.

அன்றைக்கு மூடிய வாயை ரெனோ திறக்கவில்லை. கடிதம் மட்டும் எழுதுகிறான்.

சாயங்காலம் மகள் மிரெய் போர்ட்லாந்திலிருந்து பேசினாள். கல்யாணம் ஜூன் பதினைந்து. அழைப்பிதழ் மார்ச்சில் அச்சுக்குப் போகிறது. “அம்மா, பெரியப்பா என் ஞானத்தந்தை. அவர் இல்லாம நான் கோவிலுக்குள்ள நடக்க மாட்டேன். அவர் வந்தா நான் வர மாட்டேன்னு அப்பா சொல்றார். ரெண்டு பேரும் இப்படியே இருந்தா, நாங்க ஏதாவது ஒரு ஊர் அலுவலகக் கவுன்ட்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போய்ட்டே இருப்போம். உன் கவுன்ட்டருக்கும் வர மாட்டேன், ஆமா.”

சொன்னால் செய்வாள். அவளும் அந்தக் குடும்பம்தானே.

ஜனவரி 10, புதன்

மருந்துக்கடையில் இருமல் மருந்து அலமாரிக்குப் பக்கத்தில் என் ஓரகத்தி தெல்ஃபினைப் பார்த்தேன். ‘பார்த்தேன்’ என்று எழுதுவது பொய். ஆறு வருஷமாகப் புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்கு நாங்கள் அங்கேதான் சந்திக்கிறோம். கடைக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் தீராத நெஞ்சுச் சளி என்று நம்புகிறார்.

மிரெய் சொன்னதைச் சொன்னேன். தெல்ஃபின் அக்கா ஒரு புட்டியை எடுத்துப் பின்பக்கம் படிப்பது போலப் பாவனை செய்துகொண்டே யோசித்தாள்.

“துபே குன்று. பனிச்சறுக்குக்கு,” என்றாள்.

“அங்க என்ன?”

“பிப்ரவரி பத்து, சனிக்கிழமை. நீ உன் ஆளைக் கூட்டிட்டு வா, நான் என் ஆளைக் கூட்டிட்டு வரேன். ஒருத்தர் வர்றது இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. மேல ஏத்திவிட்டுட்டா எங்க ஓடுவாங்க?”

“மலையில வச்சு சண்டை போட்டா?”

“போட முடியாதுடி. மூச்சு வாங்கும்.”

ஜனவரி 14, ஞாயிறு

கோழிக் குழம்பு வைத்து, மனம் இளகும் நேரம் பார்த்துக் கேட்டேன். “பனிச்சறுக்குக்குப் போய் எவ்வளவு நாளாச்சு! துபே குன்றுக்குப் போலாமா?”

ரெனோ கரண்டியைக் கீழே வைத்தான். “யார் செத்தா?”

“யாரும் சாகலை.”

“டாக்டர் ஏதாவது சொன்னாரா? எனக்கா, உனக்கா?”

“ஒரு ஆசைதான்.”

“இருபது வருஷம் இல்லாத ஆசை.”

அவன் பண்ணையில் உருளைக்கிழங்கு அறுவடை எந்திரங்களைப் பழுதுபார்க்கிறவன். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டான். நான் ஈரத் துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சுத்தமான மேசைதான்.

ஜனவரி 15

சரி என்றுவிட்டான். எனக்காக அல்ல. குன்றடிக் கொட்டகையில் இன்னும் உருளைக்கிழங்கு வறுவல்மேல் கறிச்சாறு ஊற்றித் தருகிறார்களாம். யாரோ சொன்னார்களாம்.

ஜனவரி 19, வெள்ளி

குன்றுக்கு ஃபோன் போட்டேன். ஹெக்டர்தான் எடுத்தார். அங்கே சீட்டுக் கொடுப்பவரும் அவர், ஸ்கீ பலகைகளை வாடகைக்குக் கொடுப்பவரும் அவர், ஆட்களை மேலே ஏற்றும் இழுவை எந்திரத்தைத் தட்டி ஓடவைப்பவரும் அவர்.

“காலணி அளவு, வயசு, உயரம், எடை. முன்னாடியே சொல்லிடுங்க, எடுத்து வச்சிடறேன்.”

“எடை எதுக்கு?”

“விழுந்தா ஸ்கீ கால்ல இருந்து கழண்டுக்கணும், இல்லேன்னா முட்டி போயிடும். எடையைப் பார்த்துத்தான் காலணியைப் பிடிக்கிற ஸ்பிரிங்கை முறுக்குவேன். குறைச்சுச் சொன்னா சும்மா சும்மா கழண்டுக்கும். அதனால உண்மையைச் சொல்லுங்க.” பிறகு பெருமூச்சு. “யாருமே சொல்றதில்லை.”

ரெனோவிடம் கேட்டேன். “நூத்தித் தொண்ணூறு பவுண்டு,” என்றான், கண் இமைக்காமல்.

“எந்த வருஷம்?”

“எழுதுன்னா எழுது.”

எழுதினேன். இருநூற்று முப்பதுக்கு ஒரு பவுண்டு குறையாது. அந்தக் கட்டிலில் நானும்தான் படுக்கிறேன். என் எடையில் நான் என்ன எழுதினேன் என்பது எனக்கும் ஹெக்டருக்கும் நடுவில் உள்ள விஷயம்.

ஜனவரி 24, புதன்

இருமல் மருந்து அலமாரி. தெல்ஃபின் அக்கா முகமே சரியில்லை. அல்ஃபே சம்மதித்துவிட்டார், ஆனால் கிளோவிஸையும் கூட்டிக்கொண்டுதான் வருவாராம்.

“அக்கா! அவனா! அவனைப் பார்த்தா ரெனோ ஸ்கீ கம்பாலேயே—”

“தெரியும்டி. என் தம்பியைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆனா இவர், ‘அவனுக்கு வேற யாரு இருக்கா’ன்னு சொல்றார். நான் என்னத்தைச் சொல்ல?”

ஆளுக்கொரு புட்டி வாங்கிக்கொண்டு வந்தோம். கடைக்காரர் பார்க்கிறார் இல்லையா.

ஜனவரி 27

மழை. ஜனவரியில் மழை! குன்றில் பாதி புல் தெரிகிறதாம். ஹெக்டர் கதவைச் சாத்திவிட்டார்.

ரெனோவுக்கு முகம் வாடிவிட்டது. வறுவல்தான் காரணமா, இல்லை இவனும் நிஜமாகவே ஆசைப்பட்டுவிட்டானா?

ஜனவரி 30, செவ்வாய்

ராத்திரியெல்லாம் கொட்டித் தீர்த்திருக்கிறது, பதினாலு அங்குலம். காலையில் ஜன்னலில் பார்த்தால் ரெனோ வாசலில் மண்டியிட்டு அளவுநாடா பிடித்துக்கொண்டிருக்கிறான். பிறகு சாலையைக் கடந்து எதிர்வீட்டு வரப்பையும் அளந்தான். உள்ளே வந்து பேனா தேடினான்.

“நம்மளுது முப்பத்தஞ்சு. அவங்களுது இருபத்தெட்டு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“கடிதத்தை என் கையிலேயே குடேன். தபால்தலையாவது மிச்சமாகும்.”

“அது முறையில்லை,” என்றான்.

பிப்ரவரி 3, சனி

பரணிலிருந்து ரெனோவின் பழைய சறுக்குக் கால்சட்டையை எடுத்தேன். முட்டி வரைக்கும் ஏறியது. அதற்கு மேல் நானும் அவனும் சேர்ந்து போராடினோம். ஜிப் உயிரை விட்டது.

கடைசியில் வேலைக்குப் போடும் ஆரஞ்சு நிறக் கனத்த உடுப்பையே போட்டுக்கொள்வதாக முடிவு. முதுகில் பண்ணையின் பெயரும் ஒரு பெரிய கிழங்குப் படமும் இருக்கிறது. தொலைந்து போக மாட்டான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அல்ஃபே வேலை நேரத் தாளைக் கொடுக்க என் கவுன்ட்டருக்கு வந்தார். வழக்கமாகத் தாளை வைப்பார், தொப்பியைத் தொடுவார், போய்விடுவார். இன்று நின்றார். கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

“மிரெய்க்கு ஜூன்ல கல்யாணமாமே?”

“ஆமா. யாரு சொன்னா?”

“பெட்ரோல் போடற இடத்துல அந்தப் பொண்ணு சொல்லிச்சு.” கொஞ்ச நேரம் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். “நான்தான் அவளை ஞானஸ்நானத் தண்ணித் தொட்டிகிட்ட கையில ஏந்தி நின்னேன். எனக்குப் பெட்ரோல் பங்க்ல தெரியுது. சரி. விடு.”

போய்விட்டார். அடுத்து நின்றவர் பனி வண்டிப் பதிவைப் புதுப்பிக்க வந்திருந்தார். அவரிடம் நாயின் பெயரென்ன என்று கேட்டுத் தொலைத்தேன்.

பாவம்யா அந்த மனுஷன். ஒரு மானுக்காக இவ்வளவா? இவனுக்கு என்ன வந்தது? தின்னு தீர்த்த மான் அது, ஆறு வருஷம் ஆச்சு!

பிப்ரவரி 9, வெள்ளி

கிளோவிஸ் பிரச்சினை தீர்ந்தது. தெல்ஃபின் அக்கா அவனிடம் ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிட்டாளாம். “நாளைக்கு உன் புருஷன் கேட்டா?” என்றேன். “அவன் கிழமையை மாத்திப் புரிஞ்சுக்கிட்டான்னு சொல்வேன். யாரு நம்ப மாட்டாங்க?”



பிப்ரவரி 10, சனி, சாயங்காலம்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

நாங்கள் ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்ல வெயில், நல்ல குளிர். ரெனோ வாடகைக் கொட்டகையின் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலணியை மாட்டி, கொக்கியை அடித்து இறுக்கினான். இரண்டாவதையும் இறுக்கினான். நிமிர்ந்தான். எதிர் பெஞ்சில் அல்ஃபே. அவரும் அதே நொடியில்தான் இரண்டாவது கொக்கியை இறுக்கி முடித்திருந்தார்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் பெண்டாட்டிகளைப் பார்த்தார்கள். நானும் தெல்ஃபின் அக்காவும் கூரையைப் பார்த்தோம்.

ரெனோ விருட்டென்று எழுந்தான். எழ நினைத்தான் என்று சொல்ல வேண்டும். சறுக்குக் காலணி போட்டுக்கொண்டு யாராலும் கோபமாக வெளிநடப்புச் செய்ய முடியாது. கணுக்கால் மடங்காது. அவன் வாத்து மாதிரி டக்... டக்... டக்... என்று கொட்டகையைக் கடந்தான். கதவு வரைக்கும் பதினைந்தடிதான். பிள்ளைகள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டு நின்றார்கள். அவன் கதவை அடைவதற்குள் எனக்கே கோபத்தின் காரணம் மறந்துவிட்டது. இன்னொரு கதவைப் பார்த்து அல்ஃபேயும் டக் டக்கென்று கிளம்பினார். இரண்டு கதவும் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன. டி-பார் வரிசைக்கு.

அந்தக் குன்றில் மேலே ஏற்றிப் போகும் தொங்கு நாற்காலி கிடையாது. மேலே ஓடும் கம்பிவடத்திலிருந்து நங்கூரம் மாதிரி ஒரு கட்டை தொங்கி வரும்; அதுதான் டி-பார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதை இடுப்புக்குப் பின்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். அது தள்ளிக்கொண்டு போகும். உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் விழுவோம்.

ஹெக்டர் வரிசையைப் பார்த்தார். “இன்னைக்குக் கூட்டம். தனி ஆளா ஏத்த மாட்டேன். ரெண்டு ரெண்டா. உயரம் பொருந்தணும், இல்லேன்னா ஒருத்தருக்கு இடுப்புல நிக்கும், ஒருத்தருக்கு முட்டியில நிக்கும்.” கையை நீட்டினார். “ஆரஞ்சு, பச்சை. நீங்க ரெண்டு பேரும் வாங்க.”

பச்சைச் சட்டை அல்ஃபேயுடையது.

“நான் என் பொண்டாட்டியோட போறேன்,” என்றான் ரெனோ.

“உங்க பொண்டாட்டி உங்க அக்குளுக்குத்தான் வருவாங்க. ஆறடி மூணு அங்குலத்துல இன்னைக்கு இந்தக் குன்றுல இருக்கறதே நீங்க ரெண்டு பேர்தான்.”

“ஹெக்டர், உனக்கு விஷயம் தெரியும்.”

“எனக்கு உயரம்தான் தெரியும். பின்னாடி நாப்பது பேர் நிக்கறாங்க, குழந்தைங்களுக்குக் குளிருது. ஏறுங்க!”

கட்டை வந்து இரண்டு பேரையும் பின்னால் தட்டியது. போனார்கள். தோளும் தோளும் உரச, தலை மட்டும் ஆளுக்கொரு பக்கம் திரும்பியபடி. என் பக்கத்தில் தெல்ஃபின் அக்கா ஜெபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

பாதி ஏற்றத்தில் எந்திரம் நின்றது. மேலே எவனோ விழுந்து கிடந்தானாம். ஹெக்டர் தட்டினார், கிளம்பவில்லை. இருபது நிமிஷம் அவர்கள் அப்படியே நின்றார்கள், நடுக் குன்றில், ஒரே கட்டையில் சாய்ந்தபடி.

கீழிருந்து எங்களுக்குத் தெரிந்தது இரண்டு முதுகுகள்தான். முதல் ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு ஆரஞ்சு முதுகின் கை எழுந்தது. இடுப்பு உயரத்துக்கு ஏதோ அளவு காட்டியது. “பனி வரப்பு,” என்றேன். பச்சைக் கை வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டுக் காட்டியது. (பிறகு ரெனோ சொன்னான்: “உன் வீடு வளைவோட வெளிப்பக்கம் இருக்குடா மடையா, தள்ளற பனியெல்லாம் அங்கதான் வந்து விழும். லாரிய ஓட்டிப் பாரு, தெரியும்” என்றாராம்.) அப்புறம் இரண்டு ஜோடிக் கைகளும் எழுந்தன. தலைமேல் கொம்பு போல விரித்து. “மான் வந்துடுச்சு,” என்றாள் தெல்ஃபின் அக்கா. கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரத்தில் எந்திரம் ஒரு வெட்டு வெட்டிக் கிளம்பியது. பேச்சு சுவாரஸ்யத்தில் என் புருஷன் சோபா என்று நினைத்து உட்கார்ந்துவிட்டான். இரண்டு பேரும் மல்லாந்தார்கள். ரெனோவின் இரண்டு ஸ்கீயும் பட் பட்டென்று கழன்று பனியில் அங்கேயே நின்றுவிட்டன. ஆள் மட்டும் அண்ணனைக் கட்டிக்கொண்டு, முதுகில் கிழங்குப் படத்தோடு, வரிசையில் நின்றவர்களின் காலடி வரைக்கும் சறுக்கி வந்து சேர்ந்தான்.

அல்ஃபே மூச்சு வாங்கினார். “உன் ஸ்கீ ஏன்டா கழண்டுச்சு? எடை என்னன்னு எழுதினே?”

ரெனோ வானத்தைப் பார்த்தபடி சொன்னான். “நூத்தித் தொண்ணூறு.”

அவ்வளவுதான். அல்ஃபேயால் எழுந்திருக்க முடியவில்லை. “நூத்தித் தொண்ணூறா! டேய், உன் ஒரு தொடையே—” மேலே பேச வரவில்லை. பனியில் புரண்டு புரண்டு சிரித்தார். ரெனோ முதலில் முறைத்தான். பிறகு அவன் வயிறும் குலுங்க ஆரம்பித்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டு பேரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வறுவல் ஒரே தட்டில். நான் கண்ணால் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ரெனோ மெல்லச் சொன்னான். “அந்த மான் விஷயம்... அவன் என்னைத்தான் முதல்ல கூப்பிட்டிருக்கான். பேர் எழுதக் கடைசி நாளுக்கு முன்னாடி வீட்டுக்கு ஃபோன் பண்ணினானாம். ‘ரெனோவை வெள்ளிக்கிழமைக்குள்ள பேசச் சொல்லு’ன்னானாம். சரின்னு சொன்னாங்களாம். நான் கூப்பிடலை. எனக்குப் பொறாமைன்னு நெனச்சுக்கிட்டான்.”

“யாரு எடுத்தாங்களாம்?”

“ஒரு பொம்பளைக் குரலாம். ஒரே பார்ட்டி சத்தமாம். மிரெய் பள்ளிக்கூடம் முடிச்ச அன்னைக்கு, இவன் வேலையில இருந்தப்போ. அவதான் எடுத்திருப்பா, கழுதை. பதினெட்டு வயசுல எது ஞாபகம் இருக்கும்?”

நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்றைக்குக் கேக் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தபோது ஃபோன் அடித்தது. தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். “சொல்றேன், சொல்றேன்” என்றேன். கேக் சரிந்தது.

நான்தான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரெனோ மிரெய்க்கு ஃபோன் போட்டுச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அந்தப் பக்கம் அவள் அழுகிறாள். “எனக்கு ஞாபகமே இல்லைப்பா, நானா? என்னாலயா ஆறு வருஷம்?” என்கிறாள். இவன் சமாதானம் சொல்கிறான்.

நான் பாத்திரம் கழுவினேன்.

ஹெக்டர் பேசினார். கிளோவிஸ் இன்று குன்றுக்கு வந்தானாம். நன்றாகச் சறுக்கினானாம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

நாளை சாம்பல் புதன், தவக்காலம் ஆரம்பம். பாதிரியாரிடம் சொல்வதா, புருஷனிடம் சொல்வதா? பாதிரியார் சுலபம். அவருக்கு மான் வேட்டையில் ஆர்வமில்லை.

ஆனால் பெத்த பொண்ணு மேல பழியப் போட்டுட்டு நான் எப்படி நெத்தியில சாம்பல் வாங்கறது? ஆறு வருஷமா அந்த ரெண்டு பேரையும் மடையனுங்க, பிடிவாதக்காரனுங்கன்னு நான் பேசாத பேச்சா? நானே மடச்சி.

பிப்ரவரி 14, புதன்

சொல்லிவிட்டேன். முதலில் மிரெய்க்கு. “அம்மா, நான் மூணு நாளா தூங்கலை,” என்றாள். மன்னிப்புக் கேட்டேன். “கல்யாணக் கேக்கை நீ தூக்க வேண்டாம்,” என்றாள்.

பிறகு ரெனோவிடம். வண்டிக் கொட்டகையில் ஏதோ பல்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டான். துணியை மடித்து வைத்தான். உள்ளே போய் ஃபோனை எடுத்தான். யாரைக் கூப்பிடுகிறான் என்று நின்று கேட்டேன்.

“அண்ணே, நான்தான். ஒரு விஷயம். உக்காந்துக்கிட்டு கேளு.”

பிப்ரவரி 17

ரெனோ என்னோடு பேசுவதில்லை. அல்ஃபேயும்தான். வேலை நேரத் தாளை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டுப் போகிறார்.

தெல்ஃபின் அக்கா சொல்கிறாள்: “விடு. ரெண்டு பேரும் சேர்ந்து செய்யற முதல் காரியம் இது.”

மார்ச் 3, ஞாயிறு

அழைப்பிதழ் நேற்று அச்சுக்குப் போனது. மிரெய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் நடப்பார்களாம்; பாதை அகலம் போதுமா என்று கோவிலுக்கு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கிறாள்.

இன்று காலையில் எங்கள் ஊர்த் தோசையான ப்ளாய் சுட்டுக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டாமல் அல்ஃபே உள்ளே வந்தார். பனி பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நேராக மேசையில் உட்கார்ந்து ரெனோவின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துச் சுருட்டி வாயில் போட்டார். ரெனோ தட்டை அவர் பக்கம் கொஞ்சம் தள்ளினான். இரண்டு பேரும் ஏரியில் ஐஸ் எத்தனை கனம் இருக்கும் என்று பேச ஆரம்பித்தார்கள். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

பிறகு ரெனோ, என்னைப் பார்க்காமலே, அண்ணனிடம் சொன்னான். “பாகு எங்க இருக்குன்னு அவகிட்ட கேளு.”

அல்ஃபே அடுப்பைப் பார்த்துச் சொன்னார். “பாகு எங்க இருக்குன்னு கேக்கறான்.”

எடுத்துக் கொடுத்தேன். இன்னும் ஆறு ப்ளாய்க்கு மாவு கரைத்தேன்.